எங்கள் பெயரில் எழுதிய அறிக்கை

ஞாயிறு காலைச் சாப்பாட்டைத் தொடாமல் கோபத்தோடு கொழும்பு ரயிலுக்கு ஓடிப்போன என் மகனுக்கு,

வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனாய். உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்றாய். பேராசிரியரின் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்றாய். இனிமேல் எந்த ஆராய்ச்சிக்காரனும் நம் குடியிருப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான், அதற்கும் அம்மாதான் காரணம் என்றாய். கடைசியாகச் சொன்னதற்கு உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் துண்டித்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்க நினைத்தாலும் கிழிக்கும் முன்னால் நாலு வரியாவது வாசிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. சனிக்கிழமை நான் செய்ததை எட்டு வருஷம் மனதுக்குள் கறுவிக் கறுவித்தான் செய்தேன். இன்னொரு தடவை வாய்த்தால் இன்னும் நன்றாகச் செய்வேன்.

உனக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். அந்த வருஷம் நீ ஓ.எல். பரீட்சைக்காக டியூசன் டியூசனாக ஓடிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் ஏதோ ஒரு சுகாதாரத் திட்டத்தின் ஆட்கள் வந்து, ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் பின்னால் இருந்த பழைய கக்கூஸ்களை இடித்துவிட்டு, சரிவின் அடியில், பஸ் ஓடுகிற பாதையோரமாக, எட்டு அறை கொண்ட ஒரு புதுத் தொகுதியைக் கட்டிக்கொடுத்தார்கள். நீல மாபிள், வெள்ளைச் சுவர், நாடா வெட்டி விழா எல்லாம் நடந்தது. குறை சொல்லும்படி ஒன்றுமே இல்லை, அதைப் பாவிக்க வேண்டியவள் பெண்ணாக இல்லாவிட்டால். எட்டுக் கதவும் பாதையைப் பார்த்தபடி. பாதைக்கு அந்தப் பக்கம் த்ரீவீலர் தரிப்பிடம். நம் வீட்டிலிருந்து இறங்க அறுபத்திரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது, மழை பெய்தால் பாசி. கதவுகள் அடியில் ஒரு சாண் குறைவு. ஒரு கையில் வாளியும் ஒரு கையில் சேலைக் கொசுவமுமாகப் பட்டப்பகலில் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் போய்வர எவளுக்கு மனம் வரும்? ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலைசெய்கிற பாமசிக்கு அவர்கள்தான் ஒவ்வொருத்தராக வந்து, குரலைத் தாழ்த்தி, மூத்திர எரிச்சலுக்கு மருந்து கேட்டார்கள். எடுத்துக்கொடுத்தவள் நான். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று புத்திமதி வேறு சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அப்போது இருக்கவில்லை.

கட்டி முடித்து ஒரு வருஷத்தில், திட்டம் எப்படிப் போகிறது என்று மதிப்பீடு செய்யப் பேராசிரியரின் குழு வந்தது. இப்போது உன் மேலதிகாரியாக இருக்கிற அதே மனிதர்தான். அப்போது தலைமுடி இவ்வளவு நரைக்கவில்லை, ஆனால் பேச்சு இதே பேச்சு, பஞ்சு மாதிரி. "அக்கா, நாங்க கேள்வி கேட்டுட்டுப் போறவங்க இல்ல. நீங்களும் நாங்களும் சேர்ந்துதான் இந்த ஆய்வச் செய்யப்போறோம். நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார். மாதர் சங்கச் செயலாளர் என்று என்னைப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தார். கண்டி டவுனில் கவுண்டருக்குப் பின்னால் எட்டு மணிநேரம் நிற்கிறவளுக்கு ஒரு பேராசிரியர் கதிரை இழுத்துப் போட்டால் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். எனக்குச் சுற்றியது. அதற்கு முதல் நாளே நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன்: "நாளைக்கு வர்றவங்க முன்னாடி மூக்கச் சிந்திக்கிட்டு நிக்காதீங்க. நல்லா இருக்குன்னே சொல்லுங்க. சந்தோசமா அனுப்பிவச்சாத்தான் அடுத்ததா தண்ணிக் குழாயக் கேக்கலாம்."

நம் ஆட்களைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும். வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும்போது அவர் கொடுத்ததைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழும்பாது. கல்யாண வீட்டில் குழம்பு ஊசிப்போயிருந்தாலும் அருமை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிய பிறகுதான் திட்டுவோம். ஆராய்ச்சிக்காரரையும் நாம் விருந்தாளியாகத்தான் நினைத்தோம். உளுந்து வடையும் பால் தேத்தண்ணியும் கொடுத்து உபசரித்தோம். அவர் தரையில் மூன்று அட்டைகளை வைத்தார். ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் பங்குபெற வேண்டுமாம். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, புதுத் தொகுதியைப் பற்றி மனதில் படுகிற முகத்தின் மேல் வைக்கச் சொன்னார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற முகத்தில் வைத்தார்கள். உன் பரமேஸ் சித்தி மட்டும் குனிந்து, அழுகிற முகத்தின் நட்ட நடுவில் வைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அதை நான் எடுத்தேன், மகன். என் சொந்தத் தங்கச்சி வைத்த கொட்டையை இந்தக் கையால் எடுத்து, சிரிக்கிற முகத்துக்குத் தள்ளிவிட்டேன். தவறுதலாக வைத்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். பரமேஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. ஆனால் அதைப் பார்த்தது நான் மட்டும் இல்லை. பேராசிரியரும் பார்த்தார். நேருக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், "சமூகம் தங்களுக்குள்ளேயே கலந்துபேசி ஒருமித்த முடிவுக்கு வந்துட்டாங்கன்னு போடுங்க" என்றார். நான் செய்தது முட்டாள்தனம், கூடவே துரோகம், அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் ஆசை இருந்தது. அவருக்கு என்ன இருந்தது? அந்த ஒரு கொட்டையை ஏன் அங்கே வைத்தாய் அம்மா என்று அவர் பரமேஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் யாருக்கும் பயந்தவள் இல்லை. புறப்படும்போது, கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரைக் குறிப்பதற்கென்று ஒரு தாளை நீட்டினார்கள். நான் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டேன், மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் பரமேஸ் விழுந்தாள். அவள் தெருக்கூட்டும் வேலைக்கு விடிகாலையில் போகிறவள். டவுனில் கூட்டி முடித்துக் காலை ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, அடக்கி வைத்திருந்த அவசரத்தோடு, பெய்கிற மழையில் வாளியுடன் படி இறங்கினாள். நாற்பதாவது படியோ என்னவோ, அங்கேயிருந்து அடிவரைக்கும் போனாள். இடுப்பெலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீதான் அவளைத் தூக்கி த்ரீவீலரில் ஏற்றினாய். தும்புத்தடி பிடித்த கைக்கு ஊன்றுகோல் வந்தது, வேலை போனது. இன்றைக்கும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடிபோட்ட வாளி ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு அந்த அறுபத்திரண்டு படியும் இறங்குகிறவள் நான். புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உனக்குத் தெரியாத பாதி இதுதான். பரமேஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாங்கள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, படிக்குக் கைப்பிடி வேண்டும், கதவை மறுபக்கம் திருப்ப வேண்டும், மேலே பழைய இடத்தில் இரண்டு அறையாவது கட்டித்தர வேண்டும் என்று மனு எழுதித் திட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அதிகாரி மனுவை வாசிக்கக்கூட இல்லை. அலுமாரியைத் திறந்து வழுவழுப்பான ஒரு புத்தகத்தை எடுத்து எங்கள் முன்னால் போட்டார். "நீங்களே மதிப்பீடு செஞ்சு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வந்து இல்லைங்கிறீங்களே?" என்றார். அட்டையில் பரமேஸின் படம். வடைத் தட்டோடு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் எங்கள் கையெழுத்துத் தாள், அதற்கு மேலே 'இம்முடிவுகளை ஏற்றுக்கொண்ட சமூகப் பங்காளர்கள்' என்று தலைப்பு. வந்தவர்களின் பெயருக்கென்று வாங்கிய தாள் அது. வெளியே வந்து வாசலிலேயே நின்று பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அக்கா, நான் ஒரு எழுத்தையும் மாத்தலையே. நீங்க வச்ச கொட்டையத்தானே எண்ணினோம். அது உங்க குரல்தானே" என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன் மகன். அவர் உண்மையைச் சொல்லி என்னைக் கட்டிப்போட்டார். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் வீடு திரும்பக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு நின்றபடி நினைத்துக்கொண்டேன், இந்த மனிதரை என்றைக்காவது ஒருநாள் அந்தப் படியில் இறக்காமல் விடமாட்டேன் என்று.

எட்டு வருஷம் கழித்துக் கடவுளே அவரை உன் கையில் கொண்டுவந்து கொடுத்தார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் நீ பேசினாயே, ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "இப்ப எல்லாம் மாறிடுச்சும்மா. மக்களையும் சேர்த்துத்தான் கேள்வியே தயாரிக்கிறோம். சேர் உங்கள மறக்கவே இல்ல, அந்த அக்கா இருந்தா வேல சுலபமா முடியும்னாரு. இந்தத் தடவ வேற ஒரு திட்டத்துக்கு மதிப்பீடு. சனிக்கிழமை வர்றோம், நீங்கதான் எல்லாரையும் கூட்டணும்." சுலபமா முடியும் என்று சொன்னாராம்! நான் மறுபேச்சில்லாமல் சரி என்றேன். உன் அம்மா பெருமையில் பூரித்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். பாவம் நீ. அன்றைக்கு மாலையே நான் மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்த முறை நல்லா இருக்கு என்று சொல்லச் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு குடிவகை தயாராக வைக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை நீ பார்த்தது உபசாரம் என்றுதான் நினைத்தாய். முதலில் பால் தேத்தண்ணி. அடுத்த வீட்டிலிருந்து தம்பிலி இளநீர் வெட்டி வந்தது. வெயிலாக இருக்கிறதே சேர் என்று ஒருத்தி நாரத்தம் சாறு கொண்டுவந்தாள். பிறகு சோடா, பிறகு இஞ்சி போட்ட பிளேன்டீ. நல்ல மனிதர்தான், எதையும் மறுக்கத் தெரியவில்லை. எங்களுடைய அதே வியாதி அவருக்கும் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. நீ டெப்லெட்டில் கேள்வி கேட்டு முடிக்கும்போது பதினொன்றரை மணி இருக்கும். அவர் கதிரையில் நெளியத் தொடங்கினார். உன் காதில் ஏதோ சொன்னார். நீ என்னைப் பார்த்து, "அம்மா, சேருக்கு பாத்ரூம் போகணுமாம்" என்றாய். "வீட்டோட ஒண்ணும் கிடையாதே மகன். கீழதான் இருக்கு, சேர் மதிப்பீடு செஞ்சது" என்று சொல்லிவிட்டு, நிரப்பி வைத்திருந்த வாளியை அவர் கையில் கொடுத்தேன். கீழே தொகுதியின் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பதை அவர் அந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டார்.

காலையில் தூறியிருந்தது. அவர் ஒரு கையால் வாளியையும் மறு கையால் காற்றையும் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். வாளித் தண்ணீரில் பாதி அவர் சப்பாத்துக்குள் போனது. நாங்கள் பெண்கள் எல்லாரும் மேலே வரிசையாக நின்று பார்த்தோம். ஒருத்தியும் சிரிக்கவில்லை. த்ரீவீலர்காரர்களிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியம். எங்களைப் பார்ப்பது போலத்தான் அவரையும் பார்த்தார்கள். கதவை அவர் சாத்தச் சாத்த அது திறந்துகொண்டது. கொண்டி போய் நாலு வருஷமாகிறது. கடைசியில் ஒரு கையால் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடியில் அவருடைய நனைந்த காற்சட்டைக் கால் மட்டும் பாதையில் போன பஸ்ஸுக்கெல்லாம் தெரிந்தது. இதை எழுதும்போதுகூட என் வயிறு குளிர்கிறது. பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுதக்கூடாதுதான். ஆனாலும் குளிர்கிறது.

மூச்சிரைக்க அவர் மேலே ஏறி வந்ததும், எல்லார் முன்னாலும் கேட்டேன், "சேர், சிரிச்ச முகமா, அழுத முகமா?" அவர் முகம் சிவந்தது. "இத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். "சொன்னோமே சேர். ஒருத்தி சொன்னா. நான் அத மாத்தி வச்சேன், நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. இப்ப அவ உள்ள கட்டில்ல கிடக்குறா. போய் ஒரு வார்த்த கேளுங்க" என்றேன். அவர் உள்ளே போகவில்லை. உன்னைப் பார்த்து, "தம்பி, இதெல்லாம் எழுதிக்காதீங்க. இது நம்ம ஆய்வுக்கு வெளிய" என்றார். நீ என்ன செய்தாய்? என் முகத்தைப் பார்த்தாய், அவர் முகத்தைப் பார்த்தாய், பிறகு டெப்லெட்டை மூடி மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாய்.

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது திருவிழாவாக இருந்தது. நீ மூடியதும் எல்லாம் போய்விட்டது. எட்டு வருஷம் காத்திருந்து ஒரு மனிதரை அவமானப்படுத்தி என்ன கிடைத்தது என்று அவர்கள் வேன் போன பிறகு யோசித்தேன். சித்தியிடம் போய் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன், சிரிப்பாள் என்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவருக்கு வழுக்கலியா?" ஆசையில் கேட்டாளா, பதறிக் கேட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் திருப்பிக் கேட்கவும் இல்லை. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "தம்பி எழுதிக்கிட்டானா?" என்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

உன் படிப்புக்குப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு ஆளாகிப் பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். கதிரை போட்டு உட்காரவைப்பது பங்காளியாக்குவது ஆகாது. எவள் செயலாளர் என்று முன்னால் வந்து நிற்கிறாளோ அவளை முதலில் சந்தேகப்படு, அவள் உன் அம்மாவாக இருந்தாலும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சந்தோஷப்படாதே, முதல் நாள் யார் வீடு வீடாகப் போனது என்று விசாரி. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்காதே, கேட்டுவிட்டுக் குடி. பெண்களிடம் கேட்கப் பெண்ணை அனுப்பு, கேட்கும் இடத்தில் இருந்து என்னைப் போன்றவர்களை வெளியே அனுப்பு. எழுதியதை அச்சுக்குப் போகும் முன்னால் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டு, பிடிக்காத வரியை வெட்டுகிற உரிமையையும் கொடு. அது இல்லாமல் எங்களைப் பங்காளர் என்று எழுதினால் அது களவு.

நேற்று உன் பேராசிரியர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதே பஞ்சுப் பேச்சு. அறிக்கையின் முதல் வரைவை நீதான் எழுதுகிறாயாம், நல்ல பிள்ளையாம், மாதர் சங்கத்தின் சம்மதக் கடிதம் ஒன்று மட்டும் வேண்டுமாம். தருகிறேன் என்றேன். ஆனால் வரைவை எழுதியவரே இங்கே வந்து, வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சம்மதித்துவிட்டார், உன்னை அனுப்புகிறாராம். வரும் சனிக்கிழமை வா. கோபமாக இருந்தாலும் வா, உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறேன். ஆனால் வாசித்து முடித்த பிறகுதான் சாப்பாடு. நீ மூடி வைத்ததை எழுதியிருந்தால் வேலை போனாலும் போகட்டும், என் சம்பளத்தில் உன்னை வைத்துச் சோறு போடுவேன். எழுதாமல் வந்து நின்றாயானால், உன் அறிக்கை பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் முதலில் எழுந்து சொல்கிறவள் நானாகத்தான் இருப்பேன். அந்த நேரத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடாதே.